பதினான்கு விதிகளும் ஒரு சாமந்தி மாலையும்

பாதுகாப்பு விதிகளை எழுதியவர் அவற்றைத் திரும்பப் படிக்கத் தேவையில்லை என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கைதான் என்னை ஓடுகிற டிரில்லிங் மெஷினுக்கு நான்கு விரல் தூரம் வரை கொண்டுபோய் விட்டது.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்ததும் மரக்காணத்தில் பஷீர் பாயின் பட்டறையில் சேர்ந்தேன். உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பழுது பார்க்கும் இடம். கடல் காற்றில் பம்பு மட்டுமல்ல, பட்டறைக் கதவு, கதவின் பூட்டு, பூட்டின் சாவி என்று எல்லாமே துருப்பிடித்தன. உள்ளே ஒரு லேத், ஒரு சாணை மெஷின், ஆள் உயர டிரில்லிங் மெஷின். மூன்றையும் ஓட்டுகிறவர் சேகர் அண்ணன். செருப்புப் போடாமல் ஓட்டுவார்.

அப்பாவுக்கு நான் அங்கே போவது பிடிக்கவில்லை. அவர் உப்பளம் வைத்திருப்பவர்.

"மெஷின்ல கைய வுட்டவன் எத்தினி பேர பாத்திருக்கேன் தெரியுமா?"

"எத்தனை பேருப்பா?"

"ரெண்டு பேரு" என்றார். (இருபது என்று சொல்லியிருந்தால்கூட நான் பயந்திருக்க மாட்டேன். ரெண்டு என்றபோது, அவர் நிஜமாகவே எண்ணிப் பார்த்தது தெரிந்தது.)

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. ஆயுத பூஜைக்கு அவரே பட்டறைக்கு வந்து பார்ப்பார். மழைக்கு முன்னால் உப்பளத்தில் வேலை ஓய்கிற சமயம், அவருக்கும் நேரம் இருக்கும். பார்த்துப் பயமாக இருந்தால், மறுநாளே நான் புதுச்சேரியில் பேங்க் பரீட்சைக் கோச்சிங் வகுப்பில் உட்கார வேண்டும்.

நான் பதற்றப்படவில்லை. பட்டியல் போட்டேன். மொத்தம் பதினான்கு விதிகள். செருப்பு அல்ல, ஷூ. கண்ணாடி. முடியைக் கொண்டை போட வேண்டும். மூன்றாவது விதி, கழுத்தில் தொங்குகிற எதுவும் கூடாது. இப்படியே போகும். லேமினேட் செய்து, வாசலுக்குப் பக்கத்தில் மெயின் சுவிட்ச் பெட்டியின் மேல் ஒட்டினேன். சேகர் அண்ணன் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "நல்லா பளபளன்னு இருக்குது மேடம்" என்றார். அதோடு அவர் படித்து முடித்துவிட்டார்.

அடுத்ததாக, டிரில்லிங் மெஷினுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்பு நிறுத்தப் பொத்தான் வாங்கி மாட்டினேன். "அண்ணா, மெஷின்லயே இதுதான் முக்கியம். உயிரைக் காப்பாத்தறது இதுதான்" என்று ஒரு வாரம் தினமும் சொன்னேன். அவர் தினமும் தலையாட்டினார். இதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டார் என்று எனக்குப் பெருமை.

ஆயுத பூஜையன்று பட்டறை ஜொலித்தது. பாய் தன் செலவில் பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் வாங்கிவைத்திருந்தார். லேத்துக்குச் சின்ன மாலை, சாணைக்குச் சின்ன மாலை, டிரில்லிங் மெஷினுக்குப் பெரிய சாமந்தி மாலை. நான் பட்டுப்புடவையில் போனேன். முந்தானையைச் செருகி, கொண்டை போட்டு, ஷூவும் அணிந்திருந்தேன். (பட்டுப்புடவைக்கு ஷூ. அம்மா அந்தப் போட்டோவை இன்னும் யாருக்கும் காட்டவில்லை.) அப்பாவுக்கு முன்னால் ஆபீசர் மாதிரி தெரிய வேண்டும் என்று ஐடி கார்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். தடிமனான நீல நாடா, தொப்புள் வரை தொங்கும்.

அப்பா வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூஜை முடிந்து கற்பூரம் காட்டியானதும், மெஷினை ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்துவது வழக்கம்.

"நீயே ஆன் பண்ணும்மா. அப்பா பாக்கட்டும்" என்றார் பாய்.

பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

மாலை மெஷினின் தலையிலிருந்து டிரில் பிட்டைப் பிடிக்கும் இடம் வரை தொங்கிக்கொண்டிருந்தது. அது சுற்றத் தொடங்கியது. சாமந்திகள் பட்டறை முழுக்கப் பறந்தன. ஒன்று பாயின் வாயில் பட்டது. 'மாலையைக் கழற்றியிருக்க வேண்டும்' என்று குனிந்து பார்த்தேன். என் நீல நாடாவும் குனிந்து பார்த்தது. மாலையின் நாரோடு சேர்ந்து அதுவும் சுற்றிக்கொண்டது.

மெஷின் என்னை இழுத்தது.

சிவப்புப் பொத்தானைத் தேடினேன். இல்லை. அது இருந்த இடத்தில் எலுமிச்சை அளவு சந்தன உருண்டை, அதன் மேல் குங்குமம், அதைச் சுற்றி ஒரு முழம் கதம்பம். மெஷினிலேயே முக்கியமானது எது என்று ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தேன் அல்லவா? சேகர் அண்ணன் அதற்கு உரிய மரியாதையைச் செய்திருந்தார். அழுத்தினேன், வழுக்கியது. மறுபடி அழுத்தினேன், கை பூவில் சிக்கியது.

"யா அல்லா!" என்று பாய் கத்தினார். சேகர் அண்ணன் ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். மெஷின் முன்னால் இழுத்தது. மோட்டார் பெல்ட் தளர்ந்திருந்ததால் கொஞ்சம் திணறித் திணறித்தான் இழுத்தது. (பெல்ட்டை இறுக்குவதும் என் பட்டியலில் இருந்தது. நல்லவேளை, செய்யவில்லை.)

ஒரு கண்ணால் அப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

'அப்பா போகிறார்' என்று நினைத்தேன்.

டக் என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது, மெஷினும் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. மூக்குக்கு முன்னால் நான்கு விரல் தூரத்தில் என் ஐடி கார்டு. அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் கை மெயின் சுவிட்ச் மேல் இருந்தது. எடுக்கவே இல்லை. பாய் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் எடுத்தார். சேகர் அண்ணன் கத்தியால் நாடாவை அறுத்தார். கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு தவிர எனக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் போகும்போது வண்டியில் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து கோச்சிங் வகுப்புக்கு மனதுக்குள் பட்டியல் போட்டேன்: பேனா, நோட்டு, சாப்பாட்டு டப்பா. உப்பளங்களைத் தாண்டியதும்தான் அவர் பேசினார்.

"யாரும் உள்ள கூப்பிடல. சும்மா நின்னுக்கினு இருந்தேன். பதினாலையும் படிச்சேன்."

நான் கழுத்துச் சிவப்புக் கோட்டைத் தடவிக்கொண்டேன்.

"பதினொண்ணாவதுல என்னா எழுதியிருக்கே? ஆள் மாட்டிக்கினா ஆளப் புடிச்சி இழுக்காத, மொதல்ல மெயின அணைன்னு. நல்லாத்தான் எழுதியிருக்கே."

"ம்."

"மூணாவது என்னா?"

"கழுத்துல எதுவும் தொங்கக் கூடாதுப்பா."

"அத யாரு படிக்கணும்?"

வண்டி வீட்டு வாசலில் நின்றது. அவர் இறங்கி ஸ்டாண்ட் போட்டார்.

"நாளைக்கு பட்டறைக்கு எத்தினி மணிக்குப் போவணும்?"

"எட்டு மணிக்குப்பா" என்றேன். மனதுப் பட்டியலில் பேனாவையும் நோட்டையும் அடித்தேன்.

இப்போது பட்டியலில் பதினைந்து விதிகள். பதினைந்தாவது, எழுதியவரும் படிக்க வேண்டும். சேகர் அண்ணன் இப்போதெல்லாம் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்துச் சுவரில்தான் பொட்டு வைக்கிறார். அப்பா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வந்து, பொரி வாங்கிக்கொண்டு, மெயின் சுவிட்ச் பக்கத்திலேயே நின்று சாப்பிடுகிறார்.

சென்ற மாதம் எனக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அக்கா பெரிய ரோஜா மாலையை என் கழுத்தில் போடக் கையைத் தூக்கினார். மண்டபம் அமைதியாக இருந்தது. முதல் வரிசையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"ஒரு நிமிஷம் இரும்மா. மெயின் எங்க இருக்குதுன்னு பாத்துக்கிறேன்."