செக்போஸ்ட் தாண்டாத நோய்

ஓசூரிலிருந்து பெங்களூர் போகிற வழியில் ஜூஜூவாடியில் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது. அங்கே குறுக்கே கிடக்கும் கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறு சட்டம். இது லாரி டிரைவர்களுக்குத் தெரியும். சாராயப் பாட்டிலுக்கும் சந்தனக் கட்டைக்கும்கூடத் தெரியும். ஆனால் நோய்க்கும் இது பொருந்தும் என்ற உண்மையை 1996ஆம் ஆண்டில் கண்டுபிடித்த பெருமை, நம் ஊர் சிறப்பு நல உதவிப் பிரிவு அலுவலர் திருவாளர் திம்மராயன் அவர்களையே சாரும். அதற்காக அவருக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். கொடுத்தபோது நாமெல்லோரும் கைதட்டினோம்.

விஷயம் முனிலட்சுமியில் தொடங்குகிறது. உத்தனப்பள்ளியில் அடுத்தவர் வயலில் தக்காளி பறித்த குடும்பம் அவளுடையது. இவள் அதிலிருந்து தப்பித்து, சிப்காட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். புருஷன் கிருஷ்ணப்பன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருப்பதைவிட அவன் நாக்பூரில் இருப்பதுதான் அதிகம். ஒரே மகள் ராஜாத்தி. ஏழு வயது.

ராஜாத்தி கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள். பக்கத்துத் தெருவில் குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். சுற்றுகிற பொருள் எதுவானாலும் உயிர். சைக்கிள் சக்கரம் ஒன்று கிடைத்தால் ஒரு பகல் போதாது. கேட்டதை அப்படியே, கேட்ட குரலிலேயே, அன்றைக்கோ அடுத்த வாரமோ திருப்பிச் சொல்வாள். கேள்வி கேட்டால் கேள்வியையே திருப்பித் தருகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முனிலட்சுமி ஷிஃப்டுக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து வீட்டு மங்கம்மா. அவள் மகளுக்குத் தளியில் பிரசவ நேரம். மாசக் கடைசியில் மங்கம்மா தளிக்குப் போய்விடுவாள். கம்பெனி சூப்பர்வைசரோ, இன்னொரு நாள் லீவு போட்டால் கேட் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலையா பிள்ளையா என்ற நிலை.

நல்ல காலம் என்று பார்த்தால், அரசாங்கம் அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு பின்னால் ‘சிறப்புக் குழந்தைகள் பகல் நேரக் காப்பகம்’ என்று ஒன்றைத் திறந்திருந்தது. பெரிய போர்டு, அமைதியான அறை, ஓர் ஊஞ்சல், கெம்பம்மா என்று ஓர் ஆயா. குழந்தைகள் மட்டும் இல்லை. சேர்க்க வேண்டுமானால் திம்மராயன் சான்றிதழ் தர வேண்டும். அவர் அதுவரை யாருக்கும் தரவில்லை. ஊஞ்சல் சங்கிலி துருப்பிடிக்கக் கூடாதே என்று கெம்பம்மா தினமும் காலையில் தானே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள்.

முனிலட்சுமி மகளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எழுதித் தந்த கடிதம் கையில் இருந்தது. திம்மராயன் அதைப் படித்தார்.

“ஆட்டிசம். இது எங்க எழுதினது?”

“பெங்களூர்லங்க சார்.”

“கர்நாடகா. நீ எங்க குடியிருக்கற?”

“ராயக்கோட்டை ரோடுங்க.”

“தமிழ்நாடு. ஏம்மா, அந்த மாநிலத்து டாக்டர் அந்த மாநிலத்து நோயை எழுதியிருக்காரு. இங்க எப்படிச் செல்லும்? நம்ம லிஸ்ட்ல மொத்தம் நாலு குறைதான். பொண்ணுக்குக் கண்ணு தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“காது?”

“தெருக்கோடியில மிக்ஸி ஓடுனாலும் கேக்குதுங்க.”

“கை காலு?”

“செவுரேறிக் குதிக்குதுங்க சார்.”

“மூணு போச்சு. மூளை ஒண்ணுதான் பாக்கி. பாப்பா, உன் பேரென்ன?”

சுவரில் ஓடிய ஃபேனைப் பார்த்தபடி, அச்சு அசலாக அவர் குரலிலேயே ராஜாத்தி கேட்டாள்: “பாப்பா, உன் பேரென்ன?”

“திம்மராயன்” என்றார் அலுவலர், பழக்க தோஷத்தில். பிறகு ப்யூன் ராமப்பன் பக்கம் திரும்பினார். “பாத்தியா? கேள்வி கேக்குது. நாம பதிலும் சொல்லிட்டோம். இதுக்கு மேல என்னய்யா அறிவு வேணும்?”

முனிலட்சுமி கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “அப்போ ஓசூர்ல எம் பொண்ணுக்கு அந்த நோவு இல்லீங்களா?”

“சட்டப்படி இல்ல.”

“ஜூஜூவாடி தாண்டுனா?”

“இருக்குது.”

“திரும்பி வந்தா?”

“போயிடும்.”

“பஸ்ஸு எந்த எடத்துல வரும்போது போவுதுன்னு சொல்லுங்க சார். அங்க எறங்கி ஒரு கும்புடு போட்டுட்டு வரேன்.”

அவள் கோபத்தில் சொன்னாள். திம்மராயன் காதில் கோபம் விழவில்லை. ஒரு சாதனை விழுந்தது. அவள் படியிறங்குவதற்குள் மேலிடத்துக்கு அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டார்: ‘அண்டை மாநிலத்தில் நோயுற்றிருந்த சிறுமி, நமது எல்லைக்குள் கால் வைத்த மாத்திரத்தில் பூரண குணமடைந்துள்ளார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மேற்படி நோய் நமது வட்டத்தில் அறவே இல்லை.’

மேலிடம் மகிழ்ந்தது. ஒரு நோய் ஒழிந்துவிட்டதாக எந்த வட்டமும் அதுவரை தெரிவித்ததில்லை. ‘ஆட்டிசம் அற்ற வட்டம்’ என்று விழா எடுக்க உத்தரவு வந்தது. செய்தி பரவியதும் ஊரே புது மாதிரி ஆகிவிட்டது. பெங்களூரிலிருந்து காரில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். லாட்ஜ்காரர்கள் ‘குணம் தரும் ஓசூர்க் காற்று, அறைக்கு இரண்டு ஜன்னல்’ என்று போர்டு மாட்டினார்கள். காற்றைப் பிடித்து விற்க முடியாதவர்கள் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து விற்றார்கள். போன மாசம் வரை ராஜாத்தியைக் கண்டால் எட்டிப் போனவர்கள், ‘எங்க தெருப் பொண்ணுதான்’ என்று சொல்லிக்கொண்டார்கள்.

விழாவுக்குச் சென்னையிலிருந்து மேலதிகாரி வந்தார். தாயையும் மகளையும் மேடையில் ஏற்றினார்கள். மைக் கீச்சென்று கத்தியதும் ராஜாத்தி காதைப் பொத்திக்கொண்டு மேடையிலேயே சுருண்டு விட்டாள். “சார், அதை நிறுத்தச் சொல்லுங்க சார்” என்று முனிலட்சுமி கெஞ்சினாள். விழாக் குழு நிறுத்தவில்லை. மின்சார வாரியம் நிறுத்தியது. வழக்கமான கரண்ட் கட்டுதான். பந்தல் முழுக்க அமைதி. ராஜாத்தி மெதுவாக நிமிர்ந்தாள். மேலதிகாரி குனிந்து கேட்டார்:

“பாப்பா, உனக்கு என்ன வேணும்?”

சான்றிதழுக்காக அம்மாவோடு அந்த அலுவலகத்துக்குப் பலமுறை நடந்த பிள்ளை அவள். அங்கே கேட்டது வாயில் தயாராக இருந்தது. திம்மராயன் குரலில் சொன்னாள்: “மனு பரிசீலனையில் உள்ளது. மேலிடத்து உத்தரவு வந்ததும் ஆவன செய்யப்படும்.”

மேலதிகாரிக்குப் புல்லரித்துவிட்டது. “என்ன தெளிவு! என்ன பணிவு! இந்தப் பிள்ளைக்கா நோய்?” என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. கேடயம் திம்மராயனுக்கு, சால்வை முனிலட்சுமிக்கு.

“ஐயா, சால்வை வேணாங்க. காப்பகத்துல ஒரு எடம் குடுத்தா போதும்.”

“நோயே இல்லாத பிள்ளைக்குக் காப்பகம் எதுக்கும்மா?”

சால்வையோடு வீட்டுக்கு வந்தாள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த மங்கம்மா அதைத் தொட்டுப் பார்த்து, “நல்லாத்தான் இருக்குது. புள்ளையைப் பாத்துக்குமா இது?” என்று கேட்டாள். முனிலட்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஊர் வாயும் அதோடு மாறிவிட்டது. முன்பெல்லாம் ராஜாத்தி டவுன் பஸ்ஸில் அலறினால், ‘பாவம், ஏதோ சீக்கு’ என்பார்கள். இப்போது, ‘சீக்குதான் போயிடுச்சே, அப்புறம் என்ன கத்தல்? வளத்த லட்சணம்’ என்றார்கள்.

மங்கம்மா தளி பஸ் ஏறிய மறுநாள் காலை, முனிலட்சுமி மகளோடு நேராகத் திம்மராயன் முன் போய் நின்றாள்.

“சார், எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்களே?”

“ஒண்ணும் இல்லம்மா. கேடயமே குடுத்துட்டாங்க.”

“அப்போ ஷிஃப்டு முடியற வரைக்கும் இங்க உக்காந்திருக்கட்டும். இது பாட்டுக்கு இருக்கும். தூக்குப் போணியில சோறு இருக்குது. ராமப்பண்ணன் எடுத்துக் குடுப்பாரு.”

“இதென்னம்மா, ஆபீஸ்ல புள்ளையை விடறது? இதைத் தனியா ஒருத்தர் பாத்துக்கணுமே...”

“ஏன் சார், பாத்துக்கணும்? நோவு இருக்குதுங்களா?”

திம்மராயன் வாயைத் திறந்தார். கேடயம் எதிரே மேஜை மேல் மின்னிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டார். பத்து மணி ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியது, முனிலட்சுமி ஓடினாள்.

ராஜாத்திக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. காரணம், திம்மராயனின் சுழல் நாற்காலி. அவர் அதில் உட்காருவது குறைவு. ‘ஃபீல்டு’ என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போவதே அதிகம். முதுகில் பூத்துவாலை போர்த்திய அந்த நாற்காலியில் உட்கார்ந்து ராஜாத்தி சுற்றிக்கொண்டே இருந்தாள். மனுவோடு வந்தவர்கள் எதிரே நின்றார்கள்.

“உதவித்தொகை விஷயமா வந்தேனுங்க.”

“மேலிடத்து உத்தரவு வரணும்” என்றாள் ராஜாத்தி, திம்மராயன் குரலில்.

“எப்ப வரும்ங்க?”

“நாளைக்கு வா.”

அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பதிலில் யாரும் ஒரு குறையும் காணவில்லை. சொல்லப்போனால், திம்மராயன் எரிந்து விழுவார், இவள் விழவில்லை. அவர் ஒரு மணி நேரம் நிற்க வைப்பார், இவள் உடனே சொல்லிவிடுகிறாள். ‘ஆபீஸ் திருந்திடுச்சுப்பா’ என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். டீ குடித்துக்கொண்டிருந்த திம்மராயனும் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டார்.

இப்படியே சுகமாகப் போயிருக்கும். சாந்தம்மா வந்து கெடுத்துவிட்டாள்.

சாந்தம்மா தளிப் பக்கத்துக்காரி. காது கேளாத மகனுக்கு ஒரு கருவி கேட்டு ஆண்டுக்கணக்கில் நடக்கிறவள். அன்றைக்கு இரண்டு பஸ் மாறி, வெயிலில் வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது சாயங்காலம், முனிலட்சுமி ஷிஃப்டு முடிந்து வரும் நேரம். அந்த நேரத்தில் அம்மா வந்து தினமும் என்ன சொல்வாளோ, அது ராஜாத்தியின் வாயில் வந்தது. சுற்றிக்கொண்டே, முனிலட்சுமியின் குரலில் சொன்னாள்:

“சோறு தின்னியா கண்ணு? காலு வலிக்குதா? வா, வந்து உக்காரு.”

சாந்தம்மா திகைத்துப் போனாள். பின்னால் யாரையோ கேட்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அத்தனை வருஷ நடையில் யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை.

டீக்கடையிலிருந்து திம்மராயன் ஓடி வந்தார்.

“யாருய்யா அது கேட்டது? ராமப்பா, நீயா?”

“சத்தியமா இல்ல சார். நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து ஒருத்தரையும் அப்படிக் கேட்டதில்ல.”

“நானும் கேட்டதில்ல. அப்ப இந்த ஆபீஸ்ல அது எப்படி வந்துது?”

அவர் ராஜாத்தியை உற்றுப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. ‘நாளைக்கு வா’ என்றபோது வராத கவலை அது. இன்றைக்குச் சாப்பிட்டாயா என்று கேட்டால், ஏன் சாப்பிடவில்லை என்று நாளைக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்களே! அவசரமாகப் பேனாவைத் திறந்தார். முனிலட்சுமி வந்து சேர்ந்தபோது சான்றிதழ் தயாராக இருந்தது. அவரே வாசித்துக் காட்டினார்:

‘மேற்படி சிறுமி, அலுவலக வளாகத்தில், அலுவலக நேரத்தில், மனுதாரர் ஒருவரை உட்காரச் சொன்னதோடு உணவு அருந்தியாயிற்றா என்றும் விசாரித்துள்ளார். இஃது இயல்பான நடத்தை அல்ல என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது. இந்நோய் அண்டை மாநிலத்திலிருந்து வந்ததன்று, ஓசூரிலேயே உற்பத்தியானது. ஆகவே காப்பகத்தில் சேர முழுத் தகுதி உண்டு.’

“சார், அது எங்கிட்ட கேட்டுக் கத்துக்கிட்டதுங்க” என்றாள் முனிலட்சுமி.

“அப்படின்னா உனக்கும் இருக்கும். தனியா ஒரு மனு குடு.”

முனிலட்சுமி சான்றிதழை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை, கெம்பம்மா மனசே இல்லாமல் ஊஞ்சலை விட்டு இறங்கினாள். ராஜாத்தி ஏறி உட்கார்ந்தாள். அந்த அறையில் மைக் இல்லை, குக்கர் இல்லை. ஊஞ்சல் முன்னும் பின்னும் போகப் போக, பிள்ளை வாய்க்குள் ஏதோ பாடியது. முனிலட்சுமி வாசலில் நின்று பார்த்தாள். சங்கு ஊதுகிற வரைக்கும் நின்றாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாந்தம்மா மறுநாளும் வந்தாள். சுழல் நாற்காலியில் இப்போது திம்மராயனே இருந்தார். “நாளைக்கு வா” என்றார். அவள் போகவில்லை. வியர்த்துக் கிடந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, “சோறு தின்னீங்களா சார்?” என்று கேட்டாள்.

திம்மராயன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “ராமப்பா! இது தொத்துநோய்யா! தந்தி குடு!” என்று கத்தினார்.

மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்தது. அலுவலகம், டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, கம்பெனி வாசல், நம் வீடுகள் என ஓசூர் முழுக்கத் தேடிப் பார்த்தது. அந்த நோய் வேறு ஒருவருக்கும் பரவவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. அந்த விஷயத்தில் நாமெல்லோரும் பூரண ஆரோக்கியமாக இருக்கிறோம்.