கான்டனீஸ், கொங்கணி, நடுவில் நான்

வீட்டில் ஒரு மொழியும் தெருவில் இன்னொரு மொழியும் பேசி வளர்ந்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. மிச்ச மொழிகளெல்லாம் கொஞ்சம் காது கொடுத்தால் தானாக வந்துவிடும் என்று நினைப்போம். மதுரை சௌராஷ்டிரக்காரனான எனக்கு அந்தத் திமிர் இருபத்தைந்து வயதில் உச்சத்தில் இருந்தது. (இப்போது இல்லை. கப்பலூரில் ஒரு மத்தியானம் மொத்தமாகக் கழன்று விழுந்தது.)

தொண்ணூறுகளின் கடைசி அது. வில்லாபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், கப்பலூர் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை பார்த்தேன். முதலாளி காதர் பாய், யார் பேச்சையோ கேட்டு ஹாங்காங்கிலிருந்து ஒரு மோல்டிங் மெஷினை வரவழைத்துவிட்டார். கூடவே அதைப் பொருத்தி ஓட்டிக் காட்ட லாவ் என்ற மெக்கானிக்கும் வந்து இறங்கினார். ஐம்பது வயது, தாய்மொழி கான்டனீஸ். ஆங்கிலத்தில் ‘ஓகே’, ‘நோ குட்’ இரண்டு மட்டும் தெரியும். எங்கள் சாம்பார் இரண்டாவது வகை.

மெஷின் ஓடத் தொடங்கிய வாரத்தில் பாய் என்னைக் கூப்பிட்டார்.

“ராகவா, மங்களூர்ல இருந்து காமத்துன்னு ஒரு எண்ணெய் யாவாரி வாராரு. வருசம் பூரா மூடி வேணுமாம். இந்த ஆர்டர் கெடச்சாத்தான் மெஷினுக்கு வேலை. இல்லாட்டி அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். அவரு கொங்கணிக்காரராம்ல, எப்படிப்பா பேசுறது?”

“கொங்கணி எங்க பாசைக்குப் பங்காளி பாய். நான் பாத்துக்கிறேன்.”

(கல்லூரி விடுதியில் ஒரு கொங்கணிப் பையனோடு ஒரே அறையில் இருந்தேன். நான் கற்றுக்கொண்டது ‘எப்படி இருக்கீங்க’ என்ற ஒரே வாக்கியம்.)

“லாவுகிட்ட?”

“கான்டனீஸ் அதைவிட லேசு பாய். கொங்கணியில சட்டி பானைக்கெல்லாம் ஆம்பள, பொம்பள, ரெண்டுங்கெட்டான்னு மூணு பால் இருக்கு. வினைச்சொல் வேற ஆளுக்கு ஆள் மாறும். கான்டனீஸ்ல அந்தத் தொல்லையே கிடையாது. துண்டு துண்டாச் சொல்லு. அடுக்கி வச்சாப் போதும்.”

பாய் என்னைப் பெருமையாகப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. ஒரு வார்த்தை குறுக்குக் கேள்வி கேட்டிருக்கலாம் அந்த மனுஷன்.

கான்டனீஸில் ஒரே சொல்லை ஆறு விதமாக இழுக்கலாம், இழுப்பு மாறினால் அர்த்தமே மாறிவிடும் என்று லாவ் டீக்கடையில் உட்கார்ந்து எனக்குச் சைகையால் விளக்கியிருந்தார். ஆறும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டது. சின்ன விஷயம் என்று விட்டுவிட்டேன்.

காமத் வந்தார். சித்திரை வெயில், மேலே தகரக் கூரை, உள்ளே மெஷின் சூடு. நான் முந்திக்கொண்டு, “கசோ ஆசா?” என்றேன். அவர் முகம் மலர்ந்து ‘நல்லா இருக்கேன்’ என்பதைக் கொங்கணியில் சொன்னார். பாய் என் முதுகில் தட்டினார். அதோடு நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்த காமத் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “உதக் ஜாய்” என்றார்.

எனக்குத் தெரிந்த தண்ணீர் ‘பானி’. வீட்டிலும் அதுதான், இந்தியிலும் அதுதான். உதக் என்றால் என்ன? தெரியாது. ஆனால் ‘ஜாய்’ இந்தி ‘ஜாவோ’ மாதிரி இருந்தது. போகட்டும், அனுப்பு.

“பாய், சரக்கை உடனே அனுப்பச் சொல்றாரு!”

“அல்ஹம்துலில்லாஹ்!” பாய் காமத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“உதக்! உதக்!” என்றார் காமத், பிடிக்குள்ளிருந்து.

“இம்புட்டு அவசரமாய்யா? சரி சரி. லாவுகிட்டயும் சொல்லுப்பா, சந்தோசப்படட்டும்.”

கான்டனீஸில் வாங்குவதற்கு ‘மாய்’. விற்பதற்கும் ‘மாய்’. முதலாவதில் குரல் மேலே ஏற வேண்டும், இரண்டாவதில் கீழேயே கிடக்க வேண்டும். நான் மெஷினையும் காமத்தையும் காட்டி, மதுரைக்காரன் குரலில் தரையோடு தரையாக, “மாய்!” என்றேன்.

லாவ் முகம் இருண்டது. மெஷினைக் காட்டி, “மாய்?” என்றார்.

“மாய், மாய்!”

தான் பாடுபட்டுப் பொருத்திய மெஷினை இவர்கள் அந்த ஆளுக்கு விற்றுவிட்டார்கள் என்று அவருக்கு விளங்கியது. ஸ்விட்சை அணைத்தார், ஸ்பானரை எடுத்தார், போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

பதற்றத்தில் மனிதனுக்கு வீட்டு மொழிதான் வரும். “நா! நா!” என்று கத்தினேன். எங்கள் வீட்டில் அதற்கு ‘வேண்டாம்’ என்று அர்த்தம். கான்டனீஸில் ‘நா’ என்றால் ‘இந்தா’வாம். ‘இந்தா, எடுத்துக்கோ’ என்று நான் கத்தக் கத்த லாவ் அடுத்தடுத்த போல்ட்டைக் கழற்றினார். கொங்கணியிலோ ‘நா’ என்றால் ‘இல்லை’. தண்ணீர் கேட்டவர் முகத்துக்கு நேரே ‘இல்லை, இல்லை’ என்று கூச்சலிடுகிற ஒருவனைக் காமத் அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவை பார்த்திருப்பார்.

அவர் பாயின் கையை விலக்கிவிட்டு, சுத்தமான தமிழில் கேட்டார்: “தம்பி, குடிக்கத் தண்ணி கிடைக்குமா, கிடைக்காதா?”

பாய் திகைத்துப் போனார். “ஏங்க, உங்களுக்குத் தமிழ் தெரியுமா?”

“சேலத்துல படிச்சவனுங்க நான். இவர்தான் கொங்கணியில ஆரம்பிச்சார். மரியாதைக்குப் பதில் சொன்னேன்.”

பாய் என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். “பங்காளி பாசையாடா? பங்காளி பாசை?”

காமத்துக்கு இரண்டு சொம்பு தண்ணீர் தேவைப்பட்டது. பாய் ஒரு மூடியை எடுத்துக் காமத் கையில் கொடுத்து, காசு வாங்குவதுபோல் நடித்துக் காட்டிய பிறகுதான் லாவ் ஸ்பானரைக் கீழே வைத்தார். அதற்குள் சூடு போன மெஷினில் உருகியிருந்த பிளாஸ்டிக் கல்லாக இறுகிவிட்டது. அதைச் சுரண்டி எடுக்கும் வேலை எனக்கும் லாவுக்கும். சுரண்டிக்கொண்டே அவர் ‘மாய்’, ‘மாய்’ என்று விரலை ஏற்றி இறக்கிச் சொல்லிக் கொடுத்தார். இரண்டும் அப்போதும் ஒரே மாதிரிதான் கேட்டது.

ஆர்டர் கிடைத்தது. “பேசுறதுக்கு மட்டும் வேற ஆளைப் போடுங்க” என்பது காமத்தின் ஒரே நிபந்தனை.

இத்தனையையும் காதர் பாய் என் கல்யாண மேடையில் ஏறி, என் மாமனார் வீட்டார் முன்னால் நடித்தே காட்டிவிட்டார். அன்றிலிருந்து என் மனைவிக்கு ஒரு பழக்கம். வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொம்போடு போய் நிற்பாள். “உங்க வீட்டம்மா மாதிரி உபசரிப்பு யாருக்கு வரும்!” என்று வருகிறவர்கள் என்னிடம் உருகுவார்கள்.

“உபசரிப்பெல்லாம் இல்லைங்க,” என்பாள் அவள். “நீங்க கேட்டு, அதை இவரு புரிஞ்சுக்கிட்டு... எதுக்கு வம்பு? குடிங்க.”