கதவுப் பிடித்தம்

நியாயம் என்பது இரு தரப்புக்கும் பொதுவானது என்ற உயரிய கொள்கையின் அடிப்படையில், ஆட்சேபணை சார் தம் வீட்டுக் குளியலறையைப் புதுப்பிக்கத் திருவுளம் கொண்டார்.

கட்டட ஒப்பந்தக்காரர்களின் பில்களைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் அவருக்கு வேலை. சரிபார்ப்பது என்றால் திருப்பி அனுப்புவது. பெற்ற தாயே பில்லோடு வந்து நின்றாலும் ஒரு ஆட்சேபணை எழுதாமல் விடமாட்டார் என்று பேர் வாங்கியவர். அந்தப் பேரே தெருவிலும் நிலைத்துவிட்டது.

குளியலறைக்கு அவசரம் இருந்தது. ஒரே மகள் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கணவனோடு வந்து தங்கப் போகிறாள். "அப்பா, அவருக்குக் கூச்சம் ஜாஸ்தி. பாத்ரூம் இதே லட்சணத்துல இருந்தா நாங்க ஓட்டல்ல தங்கிக்கறோம்" என்று போனில் சொல்லிவிட்டாள். அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகள் என்றால் அவருக்கு உயிர். உயிரே ஆனாலும் விதி விதிதானே?

மேஸ்திரியை வரவழைத்து உட்காரவைத்தார். பழைய சுவரை இடித்ததும் ஒரு பங்கு, குழாய் போட்டதும் ஒரு பங்கு, ஓடு பதித்ததும் ஒரு பங்கு என்று பணம் பிரித்துச் சொன்னார். மேஸ்திரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"கடைசியா பத்துல ஒரு பங்கு மட்டும் என்கிட்ட பிடித்தமா இருக்கும். ஒரு வருஷம் ஒழுகாம இருந்தா தருவேன்."

"வேலை முழுசா முடிஞ்சப்புறமுமா சார்?"

"முடிஞ்சப்புறம்தான்யா பிடித்தம். முடியாத வேலைக்கு யாராவது பிடிப்பாங்களா?"

மேஸ்திரி மோவாயைச் சொறிந்தார். "நியாயம்தான். ஆனா நீங்க ஒரு வருஷத்துல பணம் தரலைன்னா நான் என்ன பண்றது? நானும் பத்துல ஒரு பங்கு பிடிச்சு வச்சுக்கறேன்."

இரு தரப்பு நியாயம் என்று ஆரம்பித்தவர் எப்படி மறுப்பார்? தம் முப்பது வருட சர்வீஸில் இவ்வளவு முறையான கோரிக்கையை அவர் பார்த்ததில்லை. மகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்.

வேலை கண்ணாடியாக முடிந்தது. ஓடுகள் பளபளத்தன, குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. கதவு மட்டும் இல்லை.

"கதவு எங்கய்யா?"

"அதுதான் சார் என் பிடித்தம். பத்திரமா என் வீட்ல சாத்தி வச்சிருக்கேன். ஒரு பொட்டுத் தூசி படாது."

அன்றிலிருந்து குளிக்கப் போகிறவர் உள்ளே இருமிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வீட்டில் ஏற்பாடாயிற்று. மனைவி ஒரு பழைய போர்வையைக் கட்டினாள். அது காற்றடித்த பக்கமெல்லாம் போயிற்று.

"பணத்தை விட்டெறிஞ்சிட்டுக் கதவை வாங்கிட்டு வாங்களேன்! இருமி இருமித் தொண்டையே புண்ணாப் போச்சு."

"வருஷம் முடியாம பிடித்தத்தை விடுவிக்க விதி கிடையாது."

"விதியாம் விதி! என் தலைவிதி" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்த நேரம் பார்த்து மாடிவீட்டுக்காரர் வேலையைப் பார்க்க வந்தார். கதவில்லாத வாசலைக் கண்டு திகைத்து நின்றார். மானம் கப்பலேறும் போலிருக்கவே, ஆட்சேபணை சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது திறந்த பாணி சார். இப்போ பெரிய இடத்துலல்லாம் கதவே வைக்கறதில்ல. மனசு விசாலமாகுமாம்."

மாடிவீட்டுக்காரருக்கு அன்று இரவு தூக்கம் போயிற்று. ஆட்சேபணை வீட்டிலேயே வந்துவிட்டது, நம் வீட்டில் இல்லையே! விடிந்ததும் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றச் சொன்னார். அவரைப் பார்த்து எதிர்வீடு, எதிர்வீட்டைப் பார்த்துக் கோடிவீடு. திறந்த பாணிக்கு மேஸ்திரி தனி ரேட் வைத்தார். முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும் என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெருவே இருமியது.

மகள் வரும் நாள் நெருங்கியது. ஆட்சேபணை சார் கடைசியில் உடைந்துவிட்டார். 'சிறப்பு நேர்வாகக் கருதி' என்று தமக்குத் தாமே ஒரு விண்ணப்பம் எழுதி, இரண்டு ஆட்சேபணைகளுக்குப் பிறகு தாமே ஒப்புதல் அளித்து, பிடித்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மேஸ்திரியும் வாக்குத் தவறவில்லை. அன்றே கதவு வந்தது, தாழ்ப்பாளோடு.

மகளும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை துண்டோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டதும் ஆட்சேபணை சாருக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் இதைவிட இனிமையான சத்தம் உண்டா?

அந்த நேரத்தில் மாடிவீட்டம்மா மாப்பிள்ளையைப் பார்க்க வந்தாள். அவள் கண் நேரே கதவில் போய் விழுந்தது.

"அடடே, இன்னும் கதவு வச்சிருக்கீங்களா? பாவம், கொஞ்சம் கையைக் கடிச்சிருக்கும். மாப்பிள்ளை என்ன நினைச்சுக்குவாரோ" என்று அனுதாபப்பட்டுவிட்டுப் போனாள்.

மனைவியின் முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை நாள் கதவுக்காக உயிரை எடுத்தவள் இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "தெருவுலயே கதவு இருக்கற வீடு நம்ம வீடுதானாம். கேட்டீங்களா? மாப்பிள்ளை முன்னாடி இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது? உடனே அந்த ஆளைக் கூப்பிடுங்க!"

எதிர்வீட்டு வேலையில் இருந்த மேஸ்திரி கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தார். "கழட்டிடலாம் சார். ஆனா முழுப் பணமும் முன்னாடியே. பங்கு, பிடித்தம் எல்லாம் கிடையாது. ரசீதும் தரமாட்டேன்."

ஆட்சேபணை சார் வாழ்க்கையில் முதல்முறையாக எந்த ஆட்சேபணையும் இல்லாமல் எண்ணிக் கொடுத்தார். மேஸ்திரி உளியை எடுத்துக் கீலில் வைத்துத் தட்ட ஆரம்பித்தார்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது.

"மாமா! மாமா! யாரோ கதவைக் கழட்டறாங்க மாமா!"

"பயப்படாதீங்க மாப்பிள்ளை" என்று ஆட்சேபணை சார் பெருமையோடு குரல் கொடுத்தார். "முழுப் பணமும் கொடுத்தாச்சு."