கியர் ஆயிலை மோந்து பார்த்தது பற்றிச் சம்பந்திக்கு

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

சமையல் எண்ணெய்க்கடைச் சம்பந்தி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே வண்டியைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே நீங்கள், சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, என் மகள், பேத்தி எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை, நேரில் வந்து பார்க்கத்தான் தடை போட்டாகிவிட்டதே. "மாமாகிட்ட மன்னிப்பு கேட்டு உங்க கையால எழுதிக் குடுங்கப்பா, அப்புறம் இந்த வாசப்படி ஏறுங்க" என்று உங்கள் மருமகள் சொல்லிவிட்டாள். வளர்த்தது நான், குரல் மட்டும் உங்கள் வீட்டுக் குரலாகிவிட்டது. பேத்திக்குப் பல் முளைத்ததை போனில்தான் பார்க்கிறேன். அதிலும் பாதி நேரம் அவள் போனைக் கடிக்கிறாள், எனக்குத் தெரிவது தொண்டை மட்டும்தான். ஆகவே இது மன்னிப்புக் கடிதம். போகப் போக அப்படித் தெரியாமல் போகலாம் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

என் சரக்கு வண்டி மூன்றாம் கியரில் லேசாக முனகியது. "கியர்பாக்ஸ் ஆயில் மாத்தணும் முதலாளி" என்றார் டிரைவர். நீங்கள் வண்டி எண்ணெய் விற்கிறவர், அதிலும் சொந்தம். வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டி, அதில் போட்டிருந்த அதே நம்பரில் ஒரு கேன் கொடுத்தனுப்பினீர்கள். காசு வேண்டாம் என்றீர்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. காசு வேண்டாம் என்று ஒரு வியாபாரி சொன்னால், இன்னொரு வியாபாரி மூடியைத் திறந்து மோந்து பார்க்காமல் என்ன செய்வான்? திறந்தேன். அழுகின முட்டையும் அணைந்த தீக்குச்சியும் சேர்ந்து முகத்தில் அறைந்தது. நான் டின் சுமந்து ஆரம்பித்து மொத்தக் கடை வைத்தவன். என்னை ஏற்றிவிட்டது படிப்பு அல்ல, இந்த மூக்கு. ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து மோந்தால் புதுச் சரக்கா பழசா, கலப்படமா சுத்தமா என்று சொல்லிவிடுவேன். அந்த மூக்கு சொன்னது: காறல் வாடை, கெட்டுப்போன சரக்கு. நீங்கள் சும்மா கொடுத்ததற்குக் காரணமும் கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

நேரே உங்கள் கடைக்கு வந்தேன். லாரிக்காரர்கள் நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை என்று எழுதலாம். ஆனால் கவனித்தேன், அதனால்தான் குரல் உயர்ந்தது. "சொந்தக்காரன் தலையிலேயே பழசைக் கட்டுறீங்களே சம்பந்தி" என்றேன். நீங்கள் கோபப்பட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும். சிரித்துக்கொண்டே, "இது கியர்பாக்ஸுக்குச் சம்பந்தி, சட்டிக்கு இல்ல" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். கேனை உங்கள் கல்லா மேலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். மூடியைப் போட்டேனா என்று நினைவில்லை. போடவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார்.

அங்கிருந்து அடுத்த தெருக் கடை. "என்ன வண்டி சார்?" என்றார் கடைக்காரர். "அது உங்களுக்கு எதுக்கு? எல்லாத்தையும் திறந்து காட்டுங்க" என்றேன். எதற்கு வேண்டும் என்று சொன்னால் விலை ஏறும், இது என் தொழில் பாடம். அவர் வரிசையாகத் திறந்தார், நான் வரிசையாக மோந்தேன். கடைசியில் ஒன்று, தண்ணீர் மாதிரித் தெளிவு, வாடை என்ற பேச்சே இல்லை. அடித்துப் பேசி விலையையும் குறைத்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள், "தையல் யூனிட் வெச்சிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டார். என் வாயைக் கிளறப் பார்க்கிறார் என்று கேனைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

ஊற்றின அன்று ஒன்றும் தெரியவில்லை. உங்களுக்கு போன் போட்டு அதைப் பெருமையாகச் சொன்னேன், அதை மறந்துவிடுங்கள். மறுநாள் முனகல் அழுகையானது, அழுகை தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தமானது. முழு லோடோடு பாலத்தில் ஏறும்போது இரண்டாம் கியர் தானாகக் கழன்றது. மறுபடி போட்டால் விழவில்லை. வண்டி பின்னால் உருண்டது, டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார், நான் இறங்கி டயருக்குக் கல் தேடினேன். பின்னால் ஆரன் அடித்தவர் அன்று உங்கள் கடையில் நின்ற லாரிக்காரரேதான். "என்ன அண்ணாச்சி, மூக்கு அடைச்சுக்கிச்சா?" என்றார். கல்லை டயருக்கு வைத்தேன் என்பது என் பொறுமைக்கு அடையாளம்.

மெக்கானிக் எண்ணெயை வடித்தார். அதில் பித்தளைத் தூள் மின்னியது. "தையல் மெஷின் எண்ணெய் சார் இது. பல்லுக்கு நடுவுல நிக்காது, வழிஞ்சு ஓடிரும். கியர் ஆயில்ல அடிக்கிற நாத்தம் கந்தகம் சார், பல்லு தேயாம காப்பாத்துறதே அதுதான். நாறலேன்னாதான் சந்தேகப்படணும்" என்றார். என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். உங்கள் சம்பந்தியம்மா, "அப்படியே ரெண்டு தலையணை உறையும் வண்டியிலேயே தெச்சுட்டு வந்துருங்க" என்றாள்.

ஆகவே, சம்பந்தி, உங்கள் சரக்கு நல்ல சரக்கு. என் மூக்குக்கு எல்லை அடுப்பங்கரை. லாரிக்காரர்கள் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னாலேயே வாபஸ் வாங்குகிறேன், கூப்பிட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பார்க்க வருகிறேன் என்று மருமகளிடம் சொல்லவும். அதே நம்பரில், அதே நாற்றத்தில் ஒரு கேன் அனுப்பவும். இந்தத் தடவை காசு வாங்கிக்கொள்ளுங்கள், அப்போதுதான் மோந்து பார்க்க மாட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். மாப்பிள்ளையும் மகளும் எல்லா வளமும் பெற்று என் மேல் கோபமில்லாமல் வாழ வேண்டும். பேத்திக்குக் கன்னத்துக்கு ஒன்றாக முத்தம்.

இப்படிக்கு,
தவறை முழுமையாக உணர்ந்த உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒரு சேதி. மெக்கானிக்கிடமிருந்து காலி கியர்பாக்ஸோடு வண்டியைத் தள்ளி வர ஆள் கிடைக்காமல், டிரைவர் லோடிலிருந்து நம் கடைக் கடலை எண்ணெயை எடுத்து ஊற்றி ஓட்டியே வந்துவிட்டார். போட்டதும் எல்லா கியரும் வழுக்கிக்கொண்டு விழுகிறது. முனகல் இல்லை. தெருவே மணக்கிறது. என் மூக்கை நான் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது. மேலே கேட்ட மன்னிப்பை நிறுத்தி வைக்கவும், கேனும் வேண்டாம். இந்தக் கடிதம் அதே வண்டியில்தான் வருகிறது. உங்கள் வாசலிலிருந்து அது தானாகத் திரும்பிப் போனால் கடிதத்தை முழுசாக மருமகளிடம் கொடுங்கள். நின்றுவிட்டால் பின்குறிப்பைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். கிழிக்கத் தோதாக அந்த இடத்தில் மடித்தே அனுப்பியிருக்கிறேன்.