டிவிக்கு ஜாமீன் எடுக்கும் அண்ணாச்சி

மனுஷனுக்கு ஜாமீன் எடுக்க ஊரில் எத்தனையோ பேர் உண்டு. டிவிக்கு ஜாமீன் எடுக்க உலகத்திலேயே ஒரே ஆள்தான். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் எதிர்வீட்டில் தனியாகக் குடியிருக்கிறார். வக்கீல் குமாஸ்தா. நிஜப்பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் ஜாமீன் அண்ணாச்சி.

டிவிக்குப் பின்னால் செருகினால் நெட்டிலிருந்து படம் காட்டுகிற குச்சி இருக்கிறதே, சல்லிசாகக் கிடைக்கிறதென்று எங்கள் தெருவே அதை வாங்கிச் செருகியது. படம் வரும், பாட்டு வரும், அதற்கு முன்னால் விளம்பரம் வரும். கம்பெனிக்காரன் எதை அனுமதிக்கிறானோ அதைத்தான் பார்க்கணும். அண்ணாச்சிக்கு இது பொறுக்கவே பொறுக்காது.

"வாங்குனது நாம, சாவி அவன்கிட்டயா? நல்லாருக்கே கதை. பச்சப்புள்ளய ரிமாண்டுல வச்சிருக்கான்யா" என்பார். புள்ள என்றது குச்சியை.

கூப்பிட்டால் போதும், வந்து கம்பெனிக்காரன் பூட்டைத் திறந்துவிடுவார். ஆனால் ஒரு சட்டம். தெருவில் ரெண்டு பேர் ஜாமீன் நிற்கணும். குச்சி செத்தே போனாலும் வீட்டுக்காரர்கள் அண்ணாச்சியை ஏச மாட்டார்கள் என்று அந்த ரெண்டு பேரும் வாயால் சொல்லணும். வேலை முடியும்வரை டிவிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் நிற்கணும். யாராவது உட்கார்ந்தால் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவார்.

சட்டம் சும்மா வரவில்லை. என் மாமனார் வீட்டுக் குச்சியை அண்ணாச்சி திறக்கப்போய், அது சீன மொழிக்கு மாறி அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு மாமனார் ஏசிய ஏச்சைப் பத்திரிகையில் போட முடியாது. இப்போது அவர் சீன எழுத்தைப் பார்த்தே சீரியலுக்குப் போய்விடுகிறார், அது வேறு விஷயம். கதை பரவியதிலிருந்து, ஜாமீன் நிற்க ஆள் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இப்படியிருக்கும்போதுதான் பக்கத்துவீட்டுப் பரிமளம் அக்காவுக்குச் சோதனை வந்தது. அக்காவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. மகள் கவிதா பாஸ்கெட்பால் ஆடுகிறவள். கோயம்புத்தூரில் ஃபைனல். போய்ப் பார்க்க அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை, ஷிப்டு மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். மகள் ஆடி ஒரு மேட்ச்கூட அக்கா பார்த்ததில்லை. இதை எப்படியும் பார்த்துவிடணும் என்றே குச்சி வாங்கி வைத்திருந்தாள். சாயங்காலம் செருகினால், மேட்சைக் காட்டுகிற, போட்டி நடத்துகிறவர்களின் ஆப்பை அது உள்ளேயே விடவில்லை. போனிலிருந்து அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளவில்லை.

என் போனில் காட்டினேன். "எறும்பு ஊருத மாதிரி இருக்கு தம்பி. இதுல எம்புள்ள எதுன்னே தெரியலயே" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அண்ணாச்சி வந்தார். வந்ததும், "ஜாமீன் யாரு?" என்றார்.

"நானே நிக்கேன் அண்ணாச்சி."

"வீட்டுக்காரவுக தனக்குத்தானே நிக்கக்கூடாது தாயி."

அங்கே மேட்ச் ஆரம்பித்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம். "ஏன்யா, புள்ள ஆடிக்கிட்டிருக்கா. இப்பப் போயி சட்டம் பேசுதீரே" என்று கத்தினேன்.

"கத்துதவுக நிக்கலாம்லா?" என்றார்.

நின்றேன். மாமனார் டிவி ஞாபகத்துக்கு வந்தது. மறுபக்கம் வளையல்கடை ஜமால் பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றார்.

"சீனாக்காரன் வந்தா?" என்றார் பாய்.

"வந்தாலும் ஏசக்கூடாது. சொல்லுங்க."

"ஏசலய்யா. சீக்கிரம் ஆகட்டும்."

அண்ணாச்சி ஒரே பட்டனைத் தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். 'நீங்கள் இப்போது டெவலப்பர்' என்று டிவி ஒத்துக்கொண்டது. பாதிப் பூட்டு திறந்தாச்சு என்று அர்த்தமாம். பந்தயத்தில் ஜெயித்தவர்போல எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆப்பை இறக்கினார். டிவி மறுபடி முரண்டு பிடித்தது. 'இது தெரியாத இடத்திலிருந்து வருகிறது. அனுமதிக்கலாமா?'

"தெரியாத இடமா? ஏலே, ஆடுதது பரிமளம் மகடா. தெருவுக்கே தெரியும், ஒனக்குத் தெரியலயா?" என்று ஓகே அடித்தார்.

சக்கரம் சுற்றியது. "வாய்தா போட்டிருக்கான். செத்த நேரம் பொறுங்க" என்றார்.

பொறவு திரை முழுக்க மைதானம். நடுவில் கவிதா, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறாள். அக்கா டிவியை ஒட்டிப் போய் நின்றாள். "எம்புட்டு வளந்துட்டா" என்றாள். முந்தாநாள்தான் பஸ் ஏற்றிவிட்ட மகள்.

ஜெயித்தார்கள். தெருவே கைதட்டியது. எங்களை உட்காரச் சொல்ல அண்ணாச்சி மறந்துவிட்டதால், நானும் பாயும் கடைசிவரை நின்றேதான் பார்த்தோம்.

அவர் கிளம்பும்போது அக்கா கேட்டாள். "ஒங்க வீட்டு டிவில இந்த மாதிரி எல்லாமே வரும்லா அண்ணாச்சி?"

"எங்க தாயி, அது இன்னும் உள்ளதான் கெடக்கு. ரெண்டு பேரு வேணும்லா?"

"நீங்க ஒங்களையே ஏசவா போறீக?" என்றேன்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. ஊரில் இருக்கிற குச்சியையெல்லாம் திறந்துவிட்ட மனுஷன், ரெண்டு பேரைக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு, தன் வீட்டில் விளம்பரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் அக்காவும் நானும் அவர் வீட்டுக்குள் நுழைந்தோம். டிவிக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் நான். "ஏச மாட்டாரு, நாங்க பொறுப்பு" என்றோம். அண்ணாச்சி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்தால் நாங்கள் கிளம்பிவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ, பட்டன் எதையும் அமுக்கவில்லை.

எங்களுக்கும் ஒன்றும் அவசரமில்லை. நின்றுகொண்டிருந்தோம்.