ஆராய்ச்சி முள்ளம்பன்றியும் காணாமல் போன விதிப் புத்தகமும்

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அது நான்தான். இந்த மாதிரிக் கதைகளில் முட்டாளாக வருகிற மிருகத்தைப் பற்றி வழக்கமாக வேறு யாராவதுதான் சொல்வார்கள். என் விஷயத்தில் அவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்ள யாரும் முன்வராததால் நானே சொல்ல வேண்டியதாயிற்று.

என் பெயர் வேதமுத்து. காட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆறு வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். தலைப்பு, "உழைக்கும் மிருகங்களும் நிர்வாகமும்: உறவு குறித்த ஒரு பார்வை". பார்வை என்று போட்டிருந்தேனே தவிர, அந்த ஆறு வருடத்தில் உழைக்கும் மிருகம் ஒன்றையும் நான் நின்று பார்த்ததில்லை. உழைக்கும் மிருகங்களைப் பற்றிய புத்தகங்களைத் தேடுவதிலேயே பொழுது சரியாக இருந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு கொக்கு. ஏரிக்கரையில் ஒற்றைக் காலில் நின்றபடி நான் எழுதியதை வாங்கிப் புரட்டுவார்.

"ஆதார நூல்கள் போதாது வேதமுத்து. இன்னும் தேடுங்க."

"எங்கே தேடணும் ஐயா?"

"அதைக் கண்டுபிடிக்கறதுக்குப் பேருதானே ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்க்கத் தொடங்குவார். மீன் தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் என்னைத் தெரியாது.

ஆகவே நூலகத்துக்குப் போனேன். எங்கள் நூலகம் பட்டுப்போன ஒரு பெரிய இலவ மரம். ஏழு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் இருக்கிற பொந்துகளில் புத்தகங்களை அடைத்து வைத்திருப்பார்கள். நூலகர் கனகசபை ஓர் உடும்பு. நாற்காலியில் உட்கார்ந்தால் அவரை யாராலும் எழுப்ப முடியாது. கேட்கிற புத்தகத்தை மேலே ஏறி எடுத்து வருவது அணில்களின் வேலை.

புத்தகம் கேட்கப் பச்சைப் படிவம் வேண்டும். பச்சைப் படிவம் வாங்க மஞ்சள் சீட்டு வேண்டும். மஞ்சள் சீட்டு கொடுக்கிற ஜன்னலில் எனக்கு முன்னால் ஏழு ஆமைகள் நின்றன. வரிசை நகர்ந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள நான் மண்ணில் கோடு போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்குப் பின்னால் மட்டும் ஒருவரும் நெருக்கி நிற்கவில்லை. முள்ளம்பன்றியாகப் பிறந்ததில் நான் அதுவரை கண்டிருந்த ஒரே வசதி அதுதான்.

மூன்றாம் நாள் சீட்டு கிடைத்து, கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். "மனிதவளம்" என்று தட்டினேன். நாற்பது நூல்கள் வந்தன. மகிழ்ச்சியில் முள்ளெல்லாம் நிமிர்ந்துவிட்டது. பார்த்தால் எல்லாமே புலிகள் எழுதியவை. மனிதவளம் எந்தப் பருவத்தில் எந்த ஊர் எல்லையில் அதிகம் கிடைக்கும், எலும்பை எப்படிப் பிரிப்பது, குழந்தைகளுக்கு எந்த வயதிலிருந்து கொடுக்கலாம். சமையல் பிரிவில் வைத்திருந்தார்கள்.

சரி என்று "தொழிலாளர் உறவு" என்று தட்டினேன். கட்டெறும்பு வீட்டில் சித்தெறும்பு பெண் எடுக்கலாமா, வேலைக்காரத் தேனீக்குச் சித்தப்பா முறை யார் என்று ஒரு பட்டியல் வந்தது.

கடைசியில் ஒரே ஒரு நூல் பெயர் கண்ணில் பட்டது. "வனத் தொழில் விதிகளும் விளக்கமும்." ஒரே பிரதி. ஏழாவது அடுக்கு. நான் ஆறு வருடமாகத் தேடியது அதுதான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

படிவத்தை வாங்கிக்கொண்டது தவமணி என்கிற மலையணில். பின்னங்கால் ஒன்று கொஞ்சம் கோணலாக இருந்தது. ஏறப் போனவள் படிவத்தைப் படித்துவிட்டு நின்றாள்.

"இதுல என்ன சார் இருக்கு?"

"வேலை பாக்கறவங்களுக்கும் வேலை வாங்கறவங்களுக்கும் உள்ள உறவு பத்திம்மா. உங்களுக்கெல்லாம் புரியாது."

"அதுக்கெல்லாம் விதி இருக்கா சார்?"

"இருக்கே. நூத்தி நாப்பது பக்கம்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். பதினோரு மழைக்காலமாக அவள் அங்கே புத்தகம் தூக்குகிறாள். போன மழையில் ஆறாவது அடுக்கில் கிளை முறிந்து விழுந்துவிட்டாள். ஒரு மாதம் கூட்டிலேயே கிடந்தாள். திரும்பி வந்தபோது பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிட்டு, அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்தவள் என்று எழுதி வைத்திருந்தார் கனகசபை. எல்லா அணில்களையும் இப்படித்தான் ஏதாவது ஒரு சாக்கில் அடித்து அடித்து எழுதுவாராம். அங்கே வேலை பார்க்கிற அறுபது அணில்களில் ஒருவருக்குக் கூட நிரந்தர வேலை கிடையாது.

நான் குறிப்பேட்டைத் திறந்தேன். "ரொம்ப முக்கியமான தகவல்மா. இது எங்கேயாவது பிரசுரமாகியிருக்கா?"

"என் காலு சார் இது."

"புரியுது. ஆனா மேற்கோள் காட்ட முடியாதே."

குறிப்பேட்டை மூடிவிட்டேன். தவமணி மரத்தில் ஏறினாள். மாலையானது. இறங்கி வந்தது வேறோர் அணில்.

"புத்தகம் இடத்துல இல்ல சார்" என்றது.

மறு வாரம் போய்க் கேட்டேன். இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நான்காவது வாரம் போனபோது நூலக வாசலில் தவமணி தலைமையில் அறுபது அணில்களும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய பலாச இலையில் கோரிக்கை எழுதி நட்டு வைத்திருந்தார்கள். "விதி நாற்பத்து மூன்று. மூன்று மழைக்காலம் வேலை பார்த்த எவரையும் தற்காலிகம் என்று சொல்லலாகாது. உடல்நலக் குறைவால் எடுத்த விடுப்பு வேலையை முறிக்காது. பக்கம் எண்பத்தொன்பது."

பக்க எண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆராய்ச்சியாளனுக்குக் கண் அதில்தானே போகும்! என் புத்தகம் இவர்களிடம்தான் இருக்கிறது.

வேறு யாராவதாக இருந்தால், தொழிலாளர் உறவைப் பற்றி எழுதப் போகிறோம், அதுவே கண்ணெதிரே நடக்கிறதே என்று அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். நான் அறுபது வால்களையும் மிதிக்காமல் தாண்டி உள்ளே போய், வேலைநிறுத்தத்தால் வேலைநிறுத்தம் பற்றிய என் ஆய்வு தடைபடுவதாக ஒரு புகார் எழுதினேன். நான்கு பக்கம். அடிக்குறிப்புகள் தனி. புத்தகம் யார் மேலே ஏறிய அன்று காணாமல் போனது என்பதையும் தேதியோடு குறிப்பிட்டேன்.

கனகசபை அதைப் படித்தார். அவர் நாற்காலியை விட்டு எழுந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"இவ்வளவு நாளா நீங்க எங்க சார் இருந்தீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உடும்பு பிடித்தால் தெரியுமே. விடுவித்துக்கொள்ளக் கால் மணி நேரம் ஆனது.

மறுநாள் தவமணிக்குக் குற்றப்பத்திரிகை போனது. நூலகச் சொத்தைத் திருடியது. நிரூபணமானால் வேலை போகும். அதே மரத்தின் உச்சியில்தான் அவள் கூடும் இரண்டு குட்டிகளும் இருந்தன. மரத்தை விட்டும் போக வேண்டும். தலைவி திருடி என்று ஆகிவிட்டால் வாசலில் உட்கார்ந்திருக்கிற மற்றவர்களும் கலைந்துவிடுவார்கள் என்று கனகசபை எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் கேட்டது ஒரு புத்தகம். அதற்கு ஒரு குடும்பமே மரத்தை விட்டு இறங்கும் என்று நினைக்கவில்லை. நினைக்காமல் இருப்பதற்கும் ஆறு வருடப் பயிற்சி வேண்டும், எனக்கு இருந்தது.

தவமணியே என் வளைக்கு வந்தாள்.

"சார், புத்தகத்த நான்தான் எடுத்தேன். படிச்சிட்டு வச்சிரலாம்னுதான் எடுத்தேன். அறுபது பேரு படிக்கணும், இருக்கறது ஒண்ணு. அதான் நாளாயிருச்சு."

"என்னை என்னம்மா பண்ணச் சொல்றீங்க?"

"ஒண்ணும் பண்ண வேணாம். பொய் சொல்லுங்கன்னு கேக்க வரல. நான் வந்து கெஞ்சுனேன்னு பின்னால யாரும் சொல்லக் கூடாது. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

போய்விட்டாள். இந்த இடத்தில் நான் ஒரு வீரமான முடிவு எடுத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். எடுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது, ஆனால் முழுமையாகவும் முறையாகவும் சொல்வது என்று மட்டும் தீர்மானித்தேன்.

விசாரணை அதிகாரி ஒரு கீரி. முதல் நாளே நடைமுறையை வாசித்தார். விசாரணை ஏழு நாளுக்குள் முடிய வேண்டும். ஏழாம் நாள் சூரியன் மறைவதற்குள் முடியாவிட்டால் குற்றச்சாட்டு ரத்து. கனகசபை எழுந்து, "புகார் கொடுத்தவர் படிச்சவர். அவரை யாரும் குறுக்கே மறிச்சுப் பேசக் கூடாது, முழுசாப் பேச விடணும்" என்று எழுதி வாங்கிக்கொண்டார். தவமணிக்கு வக்கீல் இல்லை. "எனக்கு ஆட்சேபணை இல்லைங்க" என்றாள்.

இரண்டு நாள் பதிவேடுகளைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஒரே கேள்விதான்" என்றார் கீரி. "புத்தகத்தை எடுத்தது யாரு?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இந்தக் கேள்விக்கு வருவதற்கு முன்னால், 'எடுத்தல்' என்பதை நாம் எப்படி வரையறுக்கிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது."

"ஒரு பேரைச் சொன்னாப் போதும்."

"சொல்கிறேன். பெயர் என்பது என்ன என்பதையும் அதோடு சேர்த்தே பார்த்துவிடலாம்."

அன்றைக்கு வரையறை முடிந்தது. நான்காம் நாள், காட்டில் இரவல் வாங்கும் வழக்கம் தோன்றிய வரலாறு. காகத்துக்கும் குயிலுக்கும் உள்ள கூட்டுத் தகராறில் ஆரம்பித்தேன். ஐந்தாம் நாள், இதே பொருளில் முன்னர் வந்த ஆய்வுகள். அப்படி எதுவும் வரவில்லை என்பதால் ஏன் வரவில்லை என்று விளக்கினேன். அதற்கே மதியமாகிவிட்டது. ஆறாம் நாள் என் ஆய்வின் எல்லைகள். எனக்குத் தெரியாதவை எவை எவை என்று சொல்ல வேண்டியிருந்ததால் அது கொஞ்சம் நீண்டுவிட்டது.

கனகசபைக்கு வியர்த்தது. "சார், ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க சார்!" என்று கத்தினார்.

கீரி அவரை உட்காரச் சொன்னார். "மறிக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி வாங்குனீங்க?"

என்னைப் பிடித்து இறக்கிவிடலாமா என்று இரண்டு காவல்நாய்கள் கிட்டே வந்து பார்த்தன. பேச்சு சூடு பிடித்தால் எனக்கு முள் நிமிர்ந்துவிடும். பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் இழுத்தடிக்கவில்லை. பதிலை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் பிற்பகலில் முன்னுரையை ஒரு வழியாக முடித்துத் தண்ணீர் குடித்தேன். கீரி தூங்கி எழுந்து இரண்டு முறை ஆகியிருந்தது.

"இனி முதல் இயலுக்குள் நுழையலாம்" என்றேன்.

தவமணி எழுந்து நின்று ஜன்னலைக் காட்டினாள். "ஐயா, சூரியன் போயிருச்சுங்க."

கீரி வெளியே எட்டிப் பார்த்தார். முத்திரையை எடுத்து, குற்றச்சாட்டு ரத்து என்று குத்தினார். என்னிடம் மட்டும் குனிந்து, "கடைசில யாருதான் எடுத்தாங்க?" என்று கேட்டார்.

"அது அஞ்சாவது இயல்ல வரும்" என்றேன்.

அதன் பிறகு கனகசபையால் விதி நாற்பத்து மூன்றுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியவில்லை. பத்தே நாளில் அறுபது அணில்களும் நிரந்தரமானார்கள். தவமணியின் பதினோரு மழைக்காலமும் பதிவேட்டில் திரும்ப ஏறியது. கோணல் காலோடு ஏழாவது அடுக்குக்கு ஏற வேண்டாம் என்று கீழ்த்தளத்திலேயே அவளுக்கு வேலை கொடுத்தார்கள்.

எனக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. மாலை போட்டார்கள், பூவெல்லாம் முள்ளில் குத்திக்கொண்டு நான் ஒரு தேர் மாதிரி நின்றேன். "தன் படிப்பையே ஆயுதமாக்கிய தோழர்" என்று ஒரு கிழட்டு அணில் பேசியது. மறுத்துப் பேசலாம் என்று எழுந்தேன். நான் வாயைத் திறந்ததைப் பார்த்ததும் கூட்டத்தில் பாதி, பயந்துபோய்க் கைதட்டி முடித்துவைத்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு தவமணி விதிப் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். அறுபது அணில்கள் படித்ததில் ஓரமெல்லாம் மடங்கியிருந்தது.

"நிசமாச் சொல்லுங்க சார். என்னைக் காப்பாத்தணும்னுதான் இழுத்தீங்களா?"

அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லம்மா. இன்னும் ரெண்டு வாரம் கொடுத்திருந்தா உங்க பேரைச் சொல்லியிருப்பேன்."

தவமணி சிரித்தாள். சிரித்துச் சிரித்து மூக்கில் தண்ணீர் வந்து, வாலால் துடைத்துக்கொண்டாள். அப்புறம் என்னையே கொஞ்ச நேரம், நல்ல கிளையா உளுத்த கிளையா என்று பார்ப்பதுபோல, யோசனையாகப் பார்த்தாள்.

"சார், அடுத்த வாரம் மரக்கிடங்குல எருமைங்க மேல விசாரணை வருது. எட்டுப் பேரைத் தூக்கப் பாக்குறாங்க. நீங்க சும்மா வந்து, உங்களுக்குத் தோணுற உண்மைய உங்க பாட்டுக்குச் சொல்லிட்டுப் போக முடியுமா?"

ஆறு வருடத்தில் என் ஆய்வை யாராவது கேட்க விரும்பியது அதுதான் முதல் தடவை. குறிப்பேட்டைத் திறந்தேன்.

"எத்தனை நாள் வேணும்?" என்று கேட்டேன்.

நீதி: எப்போதும் உண்மையே பேசுங்கள், ஆனால் முன்னுரையிலிருந்து தொடங்குங்கள்.