இருபத்தேழு வாரத்துப் பேபி

குழந்தை பத்தாம் மாதத்தில் பிறக்கும் என்பது பொதுவான நடைமுறை. எங்கள் தென்புறநகர்த் தெருவிளக்குப் பராமரிப்பு வாரியமும் இதை ஏற்றுக்கொண்டு, மருத்துவ விதிகள் என்ற பச்சை அட்டைப் புத்தகத்தில் மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தது. தாம்பரம் அலுவலகத்தில் நான் தபால் பிரிவு. என் பிள்ளைகள் உட்பட எல்லா ஊழியர்களின் பிள்ளைகளும் அந்த மூன்று பக்கத்துக்குக் கட்டுப்பட்டு ஒழுங்காகத்தான் பிறந்தார்கள். மீறியது லைன்மேன் யேசுதாசனின் பெண் ஒருத்திதான்.

யேசுதாசனுக்குக் கீழ்க்கட்டளையில் வீடு. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து மனைவி மெட்டில்டா உண்டானாள். 1992 டிசம்பர் பத்தாம் தேதி என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார். பேபி அந்தத் தேதியை மதிக்கவில்லை. செப்டம்பர் பத்தாம் தேதியே வந்துவிட்டாள். இருபத்தேழு வாரம். எண்ணூற்று எண்பது கிராம். பெயர் வைக்கிற தைரியம் யாருக்கும் வராததால், ஆஸ்பத்திரிக்காரர்கள் அட்டையில் எழுதியிருந்த 'பேபி' என்பதே பெயராக நின்றுவிட்டது.

தனியார் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஒரு நாளைக்கு எழுநூறு ரூபாய். யேசுதாசனின் சம்பளம் மாதத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம். டாக்டர் கனகவல்லி ஒளிவுமறைவு இல்லாத அம்மாள். "முப்பது நாள் தாண்டினா நம்பிக்கை உண்டு. அறுபது நாள் தாண்டினா வீட்டுக்குக் கொண்டு போகலாம். பணத்துக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்றார்.

யேசுதாசன் முதல் வாரத்து பில்லை எடுத்துக்கொண்டு நம்பிக்கையோடு அலுவலகம் வந்தார். மருத்துவப் பிரிவு எழுத்தர் துளசிங்கம் பில்லைப் படித்தார். பச்சைப் புத்தகத்தைப் புரட்டினார். முகம் கவலைக்குள்ளானது.

"இருபத்தேழு வாரமா யேசு?"

"ஆமா சார்."

"விதி பதினாலு, உட்பிரிவு இ. இருபத்தெட்டு வாரத்துக்கு அப்புறம் நடந்தாத்தான் பிரசவம். அதுக்கு முன்னாடி நடந்தா கருச்சிதைவு."

"சார், கொழந்த உயிரோட கீது."

"இருக்கட்டும். நான் வேணாம்னு சொல்லலியே. விதிப்படி இல்லைன்னு சொல்றேன்."

"இன்னா சார் இல்ல? இப்பத்தான் பார்த்துகினு வரேன். கையி காலு ஆட்டுது."

"கருச்சிதைவுன்னு எழுதிக் குடு, நூத்தைம்பது ரூபா வாங்கித் தர்றேன். அதை விட்டுட்டு கண்ணாடிப் பெட்டி, ஆக்சிஜன்னு பில் வெச்சா ஆடிட்ல என்ன கேப்பாங்க? யாருக்குய்யா ஆக்சிஜன்னு கேப்பாங்க."

"எம் பொண்ணுக்கு."

"எந்தப் பொண்ணு?" என்றார் துளசிங்கம். கிண்டலாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டித்தான் கேட்டார்.

துளசிங்கம் விதிப்படி குறிப்பு எழுதி அனுப்பினார். பத்து நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து உறை வந்தது. நான்தான் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றினேன். "தங்கள் குடும்பத்தில் நேர்ந்த இழப்பு குறித்து வாரியம் தனது ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது" என்று இயக்குநரே கையெழுத்துப் போட்டிருந்தார். கடைநிலை ஊழியர் ஒருவருக்கு இயக்குநர் சொந்தப் பேனாவால் கையெழுத்திடுவது லேசில் நடக்கிற காரியமில்லை. பிரிவில் இரண்டொருவர் பொறாமைகூடப் பட்டார்கள். அன்று பேபிக்கு எடை இருபது கிராம் கூடியிருந்தது.

யேசுதாசன் சேமநல நிதியில் கடன் கேட்டார். குழந்தையின் சிகிச்சைக்கு என்று காரணம் எழுதியதால், 'மனுதாரருக்குக் குழந்தை இல்லை' என்று மனு திரும்பியது. கேளம்பாக்கத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிப் போட்டிருந்த அரை கிரவுண்டை விற்றார். மெட்டில்டாவின் கழுத்தும் காலியானது. அவள் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் பீய்ச்சிக் கொடுப்பாள். அதில் இரண்டு மில்லியை மூக்குக் குழாய் வழியாக உள்ளே விடுவார்கள். பேபியைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"கடன் குடுக்க மாட்றாங்களாமே?" என்று கேட்டாள்.

"நமக்குக் கொழந்தயே இல்லியாம்."

மெட்டில்டா கண்ணாடியைப் பார்த்தாள். "இவ காதுல வுழப் போவுது, மெதுவா பேசு" என்றாள்.

யேசுதாசன் நேராக நிர்வாக அலுவலர் பொன்னுரங்கம் அறைக்குப் போனார். பொன்னுரங்கம் இரக்க குணம் உள்ளவர். கண் கலங்கக் கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வழி சொன்னார்.

"பென்ஷன்காரங்க வருஷா வருஷம் உயிரோட இருக்கோம்னு சர்டிபிகேட் குடுக்கறாங்க இல்லே? அதையே உன் பொண்ணும் குடுக்கட்டும்."

"அது எப்படி சார் குடுக்கும்?"

"நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

யேசுதாசன் உள்ளங்கையை விரித்துக் குழந்தையின் அளவைக் காட்டினார்.

"சரி, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு விலக்கு உண்டு. இடது கைப் பெருவிரல் ரேகை போதும். வர முடியாத நிலைன்னா எழுத்தரே போய் வாங்கிட்டு வரலாம். துளசிங்கத்தை அனுப்பறேன். விதியில எவ்வளவு இடம் இருக்கு பாத்தியா!"

அப்படியாக அக்டோபர் ஆறாம் தேதி காலை துளசிங்கம் மை தடவிய ஸ்டாம்பு பெட்டியும் படிவமுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். கை கழுவச் சொன்னார்கள், கழுவினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பேபியின் மொத்தக் கையே அவர் கொண்டுபோன ரப்பர் ஸ்டாம்பின் பிடி அளவுகூட இல்லை. பெருவிரல் எது என்று தேடிக் கண்டுபிடிக்க நேரமானது. மார்பு ஒரு பல்லியின் தொண்டை மாதிரி துடித்துக்கொண்டிருந்தது.

"ரேகை எடுக்கணும்" என்றார் குரல் இறங்கி.

"யாருக்கு ரேகை?" என்று நர்ஸ் ஹில்டா மைப் பெட்டியைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். "ரத்தம் இல்லாம கொழந்த வெளுத்துக் கெடக்கு. ஓ நெகட்டிவ் கெடைக்காம காலையில இருந்து அவங்கப்பா சைக்கிள்ல அலையுறாரு. ரேகையாம் ரேகை!"

துளசிங்கம் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "எனக்கு ஓ நெகட்டிவ்தான்" என்றார்.

அவர் கொடுத்ததில் பேபிக்குத் தேவைப்பட்டது ஒரு காப்பி டம்ளரில் கால்வாசிகூட இல்லை. மாலைக்குள் பேபியின் உதடு சிவந்தது. மெட்டில்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். துளசிங்கத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "படிவம் நிலுவையில இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் வழக்கப்படி, ரத்த தானம் செய்த ஊழியருக்கு உரிய அரை நாள் சிறப்பு விடுப்புக்கு விண்ணப்பித்தார். ரத்தம் பெற்றவர் பெயர் என்ற இடத்தில் 'பேபி, த/பெ யேசுதாசன்' என்று எழுதியிருந்தார். பொன்னுரங்கம் கூப்பிட்டு அனுப்பினார்.

"துளசிங்கம், இப்படி ஒரு நபரே இல்லைன்னு போன மாசம் நீங்கதானே குறிப்பு எழுதினீங்க?"

"எழுதினேன் சார். ஆனா இருக்கு சார். நானே பாத்தேன்."

"பாத்ததா முக்கியம்? இல்லாத ஆளுக்கு எப்படி ரத்தம் குடுத்தீங்க? அப்ப அந்த ரத்தம் எங்க போச்சு?"

துளசிங்கத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக விதிப் புத்தகத்தின் மேல் கோபம் வந்தது. அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து ஒன்பது பக்கக் குறிப்பு எழுதினார். பேபி உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு எடை அட்டை, பால் அளவு, சிறுநீர் அளவு உட்பட பதினெட்டு இணைப்புகள். அப்படி ஒரு குறிப்பை எங்கள் வாரியம் கண்டதில்லை. கோப்பு தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று.

அது அங்கே யோசனையில் இருக்கும்போதே பேபி ஆயிரம் கிராம் ஆனாள். ஆயிரத்து ஐந்நூறு ஆனாள். நவம்பர் இருபத்தெட்டாம் தேதி, எழுபத்தொன்பது நாள் கழித்து, ஒரு கிலோ எண்ணூற்று நாற்பது கிராமோடு கீழ்க்கட்டளைக்கு வந்து சேர்ந்தாள். மெட்டில்டா வீட்டுக்குள் வந்ததும் மூன்று மணி நேரம் அவளைக் கீழே விடவில்லையாம். மொத்தச் செலவு அறுபத்தோராயிரத்துச் சொச்சம்.

ஜனவரியில் ஆணை வந்தது. நான்தான் பிரித்தேன். நல்ல செய்திதான். ஊழியர் யேசுதாசனுக்குக் குழந்தை உண்டு என்பதை வாரியம் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டது. ஆனால் இயக்குநர் தெரிவித்த அனுதாபத்தைத் திரும்பப் பெற விதியில் வழி இல்லை. ஆகவே செப்டம்பர் பத்தாம் தேதி நடந்தது கருச்சிதைவாகவே நீடிக்கும். குழந்தை பிறந்த நாளாக, மருத்துவரே எழுத்து மூலம் குறித்துக் கொடுத்த டிசம்பர் பத்தாம் தேதி கொள்ளப்படும். சமர்ப்பிக்கப்பட்ட பில்கள் யாவும் குழந்தை பிறப்பதற்கு முந்தைய காலத்தவை என்பதால் பரிசீலனைக்கு உரியவை அல்ல. பிறவாத குழந்தைக்கு ரத்தம் அளித்த எழுத்தரின் விடுப்பு நிராகரிக்கப்பட்டு, அரை நாள் சம்பளம் பிடிக்கப்படும்.

யேசுதாசன் இரண்டு தடவை படித்தார். "டிசம்பர் பத்துல வூட்ல தூங்கிகினு இருந்துச்சி சார்" என்றார்.

"கடைசி பாராவைப் பாரு" என்றார் பொன்னுரங்கம் உற்சாகமாக. "டிசம்பர் பத்தாம் தேதி பிரசவத்துக்கு முந்நூறு ரூபா வரை உண்டு. அந்தத் தேதியில ஒரு பில் மட்டும் கொண்டா."

"அன்னிக்குப் பிரசவமே ஆவலியே சார்."

"பில் கொண்டா."

ஊரில் பில்லுக்கா பஞ்சம்? பக்கத்துத் தெரு கிளினிக்கில் பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தார்கள். சுகப்பிரசவம், பெண் குழந்தை, எடை மூன்று கிலோ, ரூபாய் முந்நூறு. துளசிங்கம் அதை வாங்கி வெகு நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஒரு கேள்வி இல்லை, ஒரு இணைப்பு இல்லை. நாலே நாளில் பணம் வந்தது. அந்தக் கோப்பில் இருந்த அத்தனை காகிதங்களிலும் ஒன்றே ஒன்றுதான் பொய். பாஸானதும் அது ஒன்றுதான்.

குழந்தை பிறந்த பணம் வந்ததும் பிரிவுக்கு விருந்து வைப்பது எங்கள் மரபு. யேசுதாசனுக்கு எப்படி மறுப்பது என்று தெரியவில்லை. வாழைக்காய் பஜ்ஜி, கேசரி, காப்பி. முந்நூறும் போய், மேலே பதினெட்டு ரூபாய் கைக்காசு போட்டார். துளசிங்கம் மட்டும் பல்வலி என்று சாப்பிடவில்லை. பொன்னுரங்கம் எண்ணெய்க் கையைப் பழைய சுற்றறிக்கையில் துடைத்துக்கொண்டே, "பாத்தியா யேசு, விதிப்படி வந்தா எதுவும் நிக்காது" என்றார்.

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். பஜ்ஜி சூடாக இருந்தது. நான் நாலு தின்றேன்.